கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் இயற்பியல் தேர்வில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லாம் தெரியும், கைதான் வரவில்லை என்கிறாள். டாக்டரின் மேசைக் கண்ணாடியிலிருந்து அவள் கையை எடுத்தபோது ஐந்து விரல்களும் ஈரமாகப் பதிந்திருந்தன. படியிறங்கும்போதுதான் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா பிளஸ் டூ படித்தபோது நான் நான்காம் வகுப்பு. பெருமுக்கல் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டுக்கொண்டிருந்த அப்பா, அந்த வருடம் வீட்டில் செய்த முதல் காரியம் கேபிள் இணைப்பைத் துண்டித்தது. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. "பொண்ணு பிளஸ் டூங்க" என்று அம்மா துக்கச் செய்தி சொல்லும் குரலில் சொல்வாள். கேட்பவர்களும் அதற்கேற்ற முகத்தோடு தலையாட்டுவார்கள். தினமும் நான்கு மணிக்கு அக்காவை எழுப்பினார்கள். ஊறவைத்த பாதாம் பருப்பு அவளுக்கு மட்டும், எண்ணி ஐந்து. காலையில் அதை அவள் வாந்தியெடுத்தால் கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போடுவாள்.

எழுதும்போது அக்கா கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொள்வாள். சற்று நேரத்தில் அது நனைந்ததும் கொடியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பாள். நன்றாகப் படிப்பவர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

எங்களுக்குப் பக்கத்திலிருந்த திண்டிவனத்திலேயே டியூஷனுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் விழுப்புரத்தில் ஒரு கணக்கு சாரிடம் போனால் இருநூற்றுக்கு இருநூறு நிச்சயம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம். வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதற்காகத் துணைக்கு நான். ஒன்பது வயதில் நான் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா எனக்கு இட்ட வேலை ஒன்றுதான். கூட்டேரிப்பட்டு தாண்டியதுமே தூங்கிப்போவாள். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை வந்தவுடன் நான் எழுப்ப வேண்டும்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள். விழுப்புரத்தில் எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருடி" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் பஸ் திரும்பத் திண்டிவனம் புறப்பட்டுவிட்டது. அக்கா உண்டியல் காசில் டிக்கெட் வாங்கினாள், எனக்கு அரை டிக்கெட். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். திண்டிவனத்திலிருந்து மறுபடி விழுப்புரம். டியூஷன் முடியும் நேரத்துக்கு எல்லாரையும்போல வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். எனக்கோ கொண்டாட்டம். மிளகாய்த்தூள் போட்ட வெள்ளரிப் பிஞ்சு, ஜன்னல் காற்று, கேள்வி கேட்காத அக்கா. கண்டக்டருக்கு நாங்கள் பழகிப்போனோம்.

"இன்னா பாப்பா, வூட்ட காலி பண்ணிக்கினு பஸ்ஸுக்கே குடி வந்துட்டீங்களா?" என்பார். அக்காவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "தூங்கட்டும், தூங்கட்டும். நீ டிக்கெட்ட பத்திரமா வச்சுக்க, செக்கர் வருவாரு."

அவர் சொன்னதை நான் அப்படியே செய்தேன். ஒரு டிக்கெட்டையும் எறியவில்லை. எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு ஜாமெட்ரி பாக்ஸில் சேர்த்து, வீட்டில் கண்டக்டர் விளையாட்டு விளையாடினேன்.

ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் அப்பாவும் பயணியாக வந்து மாட்டினார்.

"விழுப்புரம் ஒண்ணு குடும்மா" என்று கையை நீட்டியவர், கட்டைப் பார்த்து, "ஏது இவ்ளோ டிக்கெட்டு?" என்றார்.

"போய்ப் போய் வருவோம்ல!" என்றேன் பெருமையாக. "இன்னிக்கு மட்டும் நாலு வாட்டி. அக்கா தூங்கிக்கினே வரும், நான்தான் பார்த்துக்குவேன்."

அப்பா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம், "இனிமே நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் அழுதாள். எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டுப் பிள்ளை பஸ்ஸில் ஊர் சுற்றியிருக்கிறதே என்று. அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன், இல்லை. களைத்துப்போன முகம்தான்.

"அதுங்கள கிழிச்சிப் போட்ருக்கலாம்ல நீ?" என்றாள்.

"செக்கர் வந்தா?" என்றேன்.

அடுத்த ஞாயிறு முதல் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனார். வழியெல்லாம் சூத்திரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாராம். பங்குனியில் வேதியியல் தேர்வின்போது அக்கா பாதியில் எழுந்து வெளியே வந்து, பள்ளிக்கூடத்துக் குழாயடியில் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்துவிட்டாள். மறுதேர்வில் எழுதிப் பாஸானாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் காய்ச்சல். 'அந்த வருஷம் பரீட்சை நேரத்துல அவளுக்குக் காய்ச்சல்' என்று சொல்லிச் சொல்லியே, டாக்டர் கேட்டபோது எனக்கு 'இல்லை' என்று வந்துவிட்டது.

அக்கா இப்போது விழுப்புரத்தில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் போன் செய்து சொன்னேன்.

"பொண்ணு தூங்கறாளா?"

"நாலு மணிக்கு அலாரம் வச்சிருக்குக்கா."

"யார் வச்சது?"

போனைக் காதில் வைத்தபடியே மகளின் அறைக்குப் போனேன். அக்காவே பேசினாள். "எனக்கு இன்னும் பஸ்ல ஏறுனா தூக்கம்தான் வருதுடி. எறங்க வேண்டிய எடத்துல ஒரு நாளாவது எறங்கியிருக்கனா கேளு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த அலாரத்தை அணைத்துவிட்டு வந்தேன்.

டிக்கெட்டுகள் பிடிபட்டதற்கு அடுத்த ஞாயிறு, அப்பாவும் அக்காவும் பஸ் ஏறப் போன பிறகு, நான் வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு ஊறவைத்ததில் மிச்சமிருந்த இரண்டு பாதாமை அம்மா எனக்குக் கொடுத்திருந்தாள். நல்ல பெண் என்று பெயர் வாங்கிய நாள் அது. அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். கொடியிலிருந்து அவளுடைய கைக்குட்டையை எடுத்து மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். பக்கம் முழுக்க எழுதி முடித்தும் கைக்குட்டை நனையவில்லை. நான் இன்னும் அக்கா அளவுக்குப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.