கால் பட்ட தோஷம்

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த மானேஜர், கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் மனைவியோடு ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொல்லித்தர அவர் மனைவியே முன்வந்தார். ஆட்டத்தின் பெயர் சாச்சாச்சா. ஆபீஸில் சூப்பரின்டெண்ட் வேலை காலியாகிற நேரம். இல்லாவிட்டால் கரமனை அக்ரஹாரத்துக்காரன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பானா?

என் மனைவி அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நேக்கும் சொல்லித் தருவாளா? நிஜமாவா?"

அவளுக்கு ஆசை இருந்தது. எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மானேஜர் பங்களாவில் ஐந்து ஜோடிகள் கூடினோம். என் மனைவி வழக்கப்படி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். நான் பூட்ஸோடு நின்றேன். அடி சுலபம்தான். ஆண் இடது காலை முன்னே வைக்க, பெண் வலது காலைப் பின்னே எடுக்க வேண்டும். அடுத்த கால் இருந்த இடத்திலேயே ஒரு தட்டு. பிறகு மூன்று சின்ன அடிகள் வேகமாக, சா, சா, சா.

ரெக்கார்டு சுழன்றது. நான் முன்னே வந்தேன், அவளும் முன்னே வந்தாள். அவள் விரல் என் பூட்ஸில் இடித்தது. உடனே கையை உதறிக்கொண்டு குனிந்து, பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் நிமிர்வதற்குள் சா சா சா போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி இடித்தது, மறுபடி குனிந்தாள். மூன்றாம் தடவை பக்கத்து ஜோடியிலிருந்து என் சிநேகிதன் கேட்டான்:

"எந்தா சாமி, டான்ஸோ பூஜையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"போறும், நிமிர்ந்து நில்லு. மானத்தை வாங்காதே."

"கால் பட்டுடுத்தே. புருஷாள் மேல படலாமோ?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரியாத நான் பெண்டாட்டியைக் கோணல் என்றேன். அதுவும் ஆங்கிலத்தில், மானேஜர் மனைவியிடம்: "பட்டிக்காட்டுப் பெண், மேடம். இவளுக்கு இதெல்லாம் வராது." அவள் பள்ளிக்கூடத்து இறுதி வகுப்பு வரை படித்தவள். புரிந்துகொண்டாள். மெல்லப் போய்ச் சுவரோரம் நின்றாள்.

மானேஜர் மனைவி, "வாருங்கள், நான் காட்டுகிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சுற்று சரியாக வந்தது. மூன்றாவதில் அவர் செருப்பின் நுனியை மிதித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. முதுகு தானாக வளைந்தது. அந்தச் செருப்பைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

இந்தத் தடவை சிரிப்பு கூரையைத் தொட்டது. சிரிக்காதவள் ஒருத்திதான். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் கால் கழுவினாள். அப்போதுதான் பார்த்தேன். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்து, விரல் வீங்கியிருந்தது.

"இது எப்போ ஆச்சு?"

"மொதல் அடியிலேயே. நீங்கதான் மிதிச்சேள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பூட்ஸ் காலால் மிதித்தது எனக்குத் தெரியவே இல்லை. இடித்ததெல்லாம் அவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் குனிந்தால் அந்த விரலைத் தொட்டிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. இருந்தும் முதுகு வளையவில்லை. பெண்டாட்டி காலையா தொடுவது என்று உள்ளே ஒருவன் விறைத்துக்கொண்டு நின்றான்.

"எண்ணெய் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று அவள் படுத்துக்கொண்டாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. தனியாகப் போய், மானேஜர் மனைவியோடு அந்த அடியைப் பிசகில்லாமல் கற்றுக்கொண்டு வந்தேன்.