வேகத்தில் மட்டும் கேட்ட சத்தம்

மட்டக்குளிப் பக்கம் ஆற்றோரமாக இருக்கிற படகு கட்டும் யார்டில் எனக்கு உலோக வேலை. கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், கூரையைத் தாங்கும் சட்டங்கள் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் வளைத்து, வெல்டிங் செய்து, படகில் பொருத்துவேன். பல வருடமாகப் படகு செய்துகொண்டிருந்தும் கடலில் நான் ஒரு தடவைகூடப் போகாமலே இருந்தேன். பொருத்தி முடித்தால் என் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்ப்பது மற்றவர்கள் பாடு.

போன வருடம் திருகோணமலைக்குப் போகவேண்டிய சுற்றுலாப் படகு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த எஞ்சின்காரர் நேராக என்னிடம் வந்தார். மருதானைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"எஞ்சின் நல்லா ஈக்கிது தம்பி. உங்கட கூரைதான் பாட்டுப் படிக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சட்டத்தின் மேல் ஏறி ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். தட்டினேன், உலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை.

"நிக்கிற படகில என்னத்தக் கேக்கப் போறீங்க? வேகமாப் போனாத்தான் சத்தம் வரும். நாளைக்கு நீங்களும் வாங்க."

மறுநாள் காலை உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஓட்டுநர் சிங்களவர், அண்ணன் என்ற முறையில் எங்களுக்கு அய்யே. என்னைப் பார்த்துச் சிரித்தார். "பய வெண்ட எப்பா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்கிறார். பயம் இல்லை என்று தலையாட்டினேன். முகத்துவாரத்தைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதும் வயிறு புரண்டது. நானா பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறித் தந்தார். "மோந்துகொண்டு தூரத்தைப் பாருங்க. கீழ பார்க்க வாணாம்."

வேகம் கூடியதும் சத்தம் வந்தது. கிர்ரென்று, பல்லைக் கூசவைக்கிற சத்தம். ஒரு கையில் தேசிக்காய், மறுகையால் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் பிடித்தபோது சத்தம் நிற்கவில்லை. நடுவில் பிடித்தபோதும் நிற்கவில்லை. பின்பக்கம் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இரண்டு தாங்கு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. அவற்றுக்கிடையே நகம் நுழைகிற அளவுதான் இடைவெளி. அதிர்வில் ஒன்று மற்றதில் முட்டிக்கொண்டிருந்தது.

என் ரப்பர் கையுறை ஒன்றை மடித்து அந்த இடைவெளிக்குள் திணித்தேன். எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"ஒட்டு உடையேல்ல நானா!" என்று கத்தினேன்.

"ஆனா உங்கட கம்பிதானே?" என்று அவரும் கத்தினார். மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் வயிறு அடங்கியதைக் கவனித்தேன்.

திரும்பும்போது அய்யே வேகத்தைக் குறைத்தார். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், தாமரைக் கோபுரம், அவற்றுக்கு இப்பால் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் குவிமாடம். தினமும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்று அலுத்துப்போகிற என் ஊர், கடலிலிருந்து பார்க்க அவ்வளவு சுத்தமாக, அமைதியாக இருந்தது.

பின்னேரம் மனைவியிடம் சொன்னேன்.

"எங்கட வீடு தெரிஞ்சதோ?" என்று கேட்டாள்.

"கோயில்ட குவிமாடம் தெரிஞ்சது. அதுக்குப் பக்கத்தில ஒரே மாடிக் கட்டடங்கள். எது எங்கடயெண்டு பிடிபடேல்ல."

"மொட்டை மாடியில சிவப்புப் போர்வை காயப் போட்டனான். அதைப் பார்த்திருக்கலாமே?"

அடுத்த நாள் அந்த இரண்டு கம்பிகளும் சந்திக்கிற இடத்தில் சின்னத் தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்தேன். படகு திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து முறைப்பாடு ஒன்றும் வரவில்லை. இப்போது எந்தப் படகை ஓட்டிப் பார்க்கப் போனாலும் நானும் போகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை, நானே ஏறிவிடுகிறேன்.