வழி மாறிய கம்ப்யூட்டர்

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று மாலைதான் கடைசி. சான்றிதழ்கள் எல்லாம் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. முந்தின நாள் அதிலிருந்த வைரஸை நானே அழித்தேன். அதன்பிறகு இணையத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து கம்ப்யூட்டர் சரிசெய்யும் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டியிருந்தார். எதை மாற்றுவதற்கு முன்னும், அது இருந்தபடியே உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

“வைரஸ்தான் போயிட்டுல்லாம்மா, பிறகு ஏன் நெட் வரமாட்டேங்குது?” என்றேன்.

“அது போயிட்டு அண்ணாச்சி. ஆனா நெட்டுக்கு என் வழியாத்தான் போகணும்னு அந்த வைரஸ் சொல்லி வச்சது அப்படியே கிடக்கு. உங்க கம்ப்யூட்டர் இன்னும் அங்கனயே போய் நிக்குது.”

அந்த இடைவழியைக் குறிக்கும் ப்ராக்ஸி என்ற இடத்திலிருந்த ஒரு டிக்கை எடுத்தார். அவ்வளவுதான்.

சரிபார்க்க அவர் திறந்தது வானிலைப் பக்கம். நான் கேள்விப்பட்டிராத ஏதோ வெளிநாட்டு ஊரின் பெயரை அடித்தார். கொஞ்சநேரம் திரையையே பார்த்தார்.

“அங்கன யாரும்மா இருக்கா?”

“மழை பெய்யுது அண்ணாச்சி,” என்றார். மெல்ல எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

நாலரைக்கு விண்ணப்பம் போய்விட்டது. மகள் இப்போது கோவையில் படிக்கிறாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் நான் முதலில் அந்த ஊரில் மழையா என்றுதான் பார்க்கிறேன். வெயில் என்றிருந்தால் ஏனோ நிம்மதியாக இருக்கிறது.