பெயர் கேட்கும் ஒத்திகை

மேலறையில் உட்கார்ந்து அக்கா இந்தியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். வங்கிக் கடன் விற்பது அவள் வேலை. எதிர்முனையில் இருந்தவர் வேண்டாம் என்றிருப்பார் போல. இவள் சளைக்காமல், "பரவாயில்லை சார், தெரிஞ்சவங்க யாருக்காவது தேவைப்படுமா?" என்று கேட்டாள். உடனே இரண்டு நம்பர் கிடைத்தது. கீழே இட்லி தின்றுகொண்டிருந்த நான் கையைக்கூடக் கழுவாமல் ஏணியில் ஏறினேன். எனக்கு வேண்டியது இதுதான்!

என் நிலைமை அப்படி. கல்லூரி மாணவிகளுக்கு நடுவில் முழுநேர ஊழியம் செய்ய ஒரு மிஷன் என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சம்பளம் கிடையாது. மாதாமாதம் பணம் கொடுத்து என்னைத் தாங்க இருபது குடும்பங்களை நானே தேடிக்கொள்ள வேண்டும். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் இருபது சேராவிட்டால், இப்போதைய ஆபீஸ் வேலையிலேயே கிடக்க வேண்டியதுதான். எண்ணிக்கை பதினொன்றில் நின்றுவிட்டது. தாராவியில் எங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்றுகூடப் பாக்கியில்லை. இனி தெரிந்தவர்களிடம் பணம் கேட்பதில் பயனில்லை, தெரியாதவர்களின் பெயரைக் கேட்க வேண்டும்.

அக்கா என் உற்சாகத்தை ரசிக்கவில்லை. "நம்பர் தாரவன் பிரியத்துல தாரான்னா நெனச்ச? போனை வச்சாப் போதும்னு தாரான். அதுவும் அவனுக்கு ஆகாதவன் நம்பரைத்தான் தாரான். சட்டுனு பேர் கொடுத்தாங்கன்னா சந்தேகப்படுட்டி."

ஆனாலும் ஒத்திகைக்கு வந்தாள். எங்கள் சபைக்கு வரும் செம்பூர் ஆன்ட்டியிடம் முதலில் பெயர் கேட்பதாகத் திட்டம். தலையணையை மடியில் போட்டுக்கொண்டு அக்காதான் அந்த ஆன்ட்டி. நான் ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வருவேன்.

"யாரு உனக்கு என் அட்ரஸ் தந்தா?"

"ஆன்ட்டி, நாம ஒரே சபை..."

"பேர் கேக்கியே, இது சங்கிலி வியாபாரமா? போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் சோப்புப் பெட்டியோட வந்தான். அவன் சொல்லி நான் சேத்துவிட்ட ஆளுங்க இப்போ எங்கூடப் பேசுததில்ல."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அக்கா தலையணையை எறிந்தாள். "ஏன் தரையப் பாக்க? தரையப் பாத்தா ஏமாத்த வந்திருக்கான்னுதான் நெனப்பாங்க."

கடைசியில் ஒரே வாக்கியமாகச் சுருக்கினோம்: "இந்த ஊழியத்தைப் பத்திக் கேட்க விரும்புற அஞ்சு குடும்பங்களை எனக்கு அறிமுகம் செஞ்சு வைப்பீங்களா?" கேட்டதும் வாயை மூடிவிட வேண்டும். மேலே பேசினால் எதிரில் இருப்பவர் தப்பித்துவிடுவார். இது அக்காவின் தொழில் ரகசியம். எனக்கோ இரண்டு நொடி சும்மா இருக்க வராது. நான் கேட்டு முடித்ததும் அவள் என் வாயில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்துவிடுவாள். ஒரு பாக்கெட் தீர்ந்தபோது வாயை மூடப் பழகியிருந்தேன்.

உண்மையான செம்பூர் ஆன்ட்டி, நாங்கள் தயாரித்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. அவர் கேட்டதெல்லாம் வேறு: அப்பாவுக்கு எந்த ஊர், எத்தனை பேர் கூடப் பிறந்தது, மீன் குழம்பு வைப்பேனா. எனக்காக ஜெபிக்கச் சொல்லி என் படத்தோடு அச்சடித்திருந்த ஜெப அட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இதுல கொஞ்சம் மங்கலா இருக்க. நேர்ல நல்லாயிருக்க." நான் வாக்கியத்தைச் சொல்லி வாயை மூடினேன். மூன்றே நொடி. ஐந்து பெயர்களையும் நம்பர்களையும் எழுதி நீட்டினார். கூடவே ஐந்து ஜெப அட்டைகளை வாங்கிக்கொண்டார். "நானே போன் போட்டுச் சொல்லிருதேன். நீ போ, போதும்."

பஸ்ஸில் பட்டியலை நாலு தடவை படித்தேன். சட்டென்று கிடைத்த பெயர்கள். அக்கா சொன்னது காதில் கொசு மாதிரி சுற்றியது.

முதல் வீடு மாட்டுங்கா ரயில்வே குவார்ட்டர்ஸ். பெல்லிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. தட்டில் கேசரி, நேந்திரங்காய் சிப்ஸ். டீயைக் கொண்டுவந்தது அந்த வீட்டுப் பையன். சனிக்கிழமை மதியம், வீட்டுக்குள், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஊழியத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல், "அதுக்கென்னம்மா, மாசாமாசம் நாங்களும் தாங்குறோம்" என்றார். பன்னிரண்டு! அடுத்து ஒத்திகை வாக்கியத்தைச் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அவர் பையன் பக்கம் திரும்பி, "எவ்வளவு அடக்கம் பாரு. அதிர்ந்துகூடப் பேச மாட்டேங்குது" என்றார்.

இரண்டாவது வீடு தேவ்நாரில். அங்கே என்னை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அவர்கள் பையன் அந்த ஃபிரிட்ஜைவிட ஒரு சாண் உயரமாம். அவர்களும் தாங்குவதாகச் சொன்னார்கள். பதிமூன்று.

வீட்டில் இதைச் சொன்னதும் அக்கா தரையில் உருண்டு சிரித்தாள். "மீதி மூணு வீட்டுலயும் ஒரு பையன் இருப்பான், என்ன பந்தயம்?"

செம்பூர் ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். அவருக்குக் கூச்சமே இல்லை. "பின்னே? ஊழியத்துக்குக் கேக்க ஒரு பிள்ளை வருதுன்னு சொன்னா, அந்த அம்மா அன்னைக்கு ஊர்லயே இருக்காது. நல்ல பொண்ணு ஒண்ணு வருதுன்னு சொன்னேன். கதவு திறந்துச்சா இல்லியா? ரெண்டு காரியமும் நடக்கட்டுமே, உனக்கும் வயசாகுதுல்லா?"

இத்தனை நாள் எல்லார் மேலும் சந்தேகப்பட்ட அக்கா அப்போது சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "தாரவங்க தரட்டும். பையன் வேண்டாம்னு ஜூன் கழிஞ்சு சொல்லிக்கோ."

நான் ஆன்ட்டியை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அந்த மாட்டுங்கா சோபா ஞாபகம் வந்தது. அந்தச் சட்டையைப் பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் இரண்டாவது முறை கேசரி எடுத்துக்கொண்டு, 'தாங்குறோம்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். ஆன்ட்டியாவது வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அப்படிக் கிடைத்த இரண்டு பெயர்களையும் அடித்தேன். மறுபடி பதினொன்று. மே மாதம் பாதி போயாயிற்று.

இப்போது புது ஒத்திகை நடக்கிறது. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டுங்கா அம்மாவாக உட்கார்ந்திருக்கிறாள். கடலை மிட்டாய் கிடையாது. "ஆன்ட்டி, நான் கல்யாணத்துக்காக வரல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது, சொல்லாம இருந்துட்டேன். இது தெரிஞ்ச பிறகும் தாங்குவீங்களா? முடியாதுன்னா, ஊழியத்தைப் பத்திக் கேட்க விரும்புற ஒரே ஒரு வீட்டை மட்டும் சொல்லுங்க." ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் அக்கா கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை மதியம் போகிறேன், யாரும் முன்கூட்டிப் போன் போடாமல். பையன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான். நான் எதற்காக வந்தேன் என்று, அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவனுக்கும் தெரிய வேண்டுமே.