ஒகேனக்கல் பாறையில் ஒரு நாற்றுமுடி

எழுபத்தொன்றாம் வருஷம், வைகாசி. மேட்டூர் அணை திறக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது, ஆற்றில் வெறும் மணல். வேலை இல்லாத அந்த நேரம் பார்த்து மிராசுதார் சாரங்கபாணி தன் குத்தகைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு வாடகை பஸ்ஸில் ஏற்றி ஒகேனக்கல்லுக்கு உல்லாசப் பயணம் கூட்டிப் போனார். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எனக்கும் ஒரு சீட்.

திடீரென்று ஏன் இவ்வளவு பாசம் என்றால், குத்தகைப் பதிவுச் சட்டம் வந்திருந்தது. நிலத்தைச் சாகுபடி செய்கிறவர் பெயர் சர்க்கார் பதிவேட்டில் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி அவரை வெளியேற்ற முடியாது. விசாரணைக்குத் தாசில்தார் எங்கள் ஊருக்கு வருவது திங்கட்கிழமை. பஸ் கிளம்பியது வெள்ளிக்கிழமை. தருமபுரி போய்ச் சேருவதற்குள் “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சாரங்கபாணி ஏழு தடவை சொன்னார். நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

என் சட்டைப் பையில் காளியம்மாளின் மனு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன், கைநாட்டு வைப்பதுதான் பாக்கி. புருஷன் செத்து எட்டு வருஷமாக ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, தனியாளாகச் சாகுபடி செய்கிறவள். சித்திரையில் பக்கத்து வயல்காரனை மிராசுதார் குத்தகை நிலத்தைவிட்டே இறக்கிவிட்டதைக் கண்ணால் பார்த்தவள். அப்படியும் மனுவை நீட்டினால், “அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது வாத்தியாரே, புருஷன் செத்தப்ப நெல்லு அளந்து போட்டவராச்சே” என்பாள். வைக்கிறேன் என்றும் சொல்ல மாட்டாள், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எனக்கு ஆத்திரமாக வரும்.

எங்கள் ஊரில் கல் என்றால் அம்மிக்கல், எல்லைக்கல், கோயிலில் சாமி, அவ்வளவுதான். ஒகேனக்கல்லில் ஆறே கல்லுக்குள் ஓடியது. இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குப் பாறை, நடுவே நம்முடைய காவிரி கிறுக்குப் பிடித்த மாதிரி குதித்துக்கொண்டு போகிறது. பார்த்ததும் காளியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினாள். வழுக்கி உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தாள்.

தாகம் எடுத்ததும் அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பாறை இடுக்கில் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருந்தது. கோடையில் எங்கள் ஆற்றில் ஊற்று தோண்டுவது போல அங்கே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்துவிட்டாள். பத்தடி தள்ளி ஆறு இரைந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு வழி காட்ட வந்த பரிசல்காரர், “ஏம்மா, என்னத்தைத் தொலைச்சே?” என்று கேட்டார்.

“தண்ணி வேணுங்க” என்றாள் காளியம்மாள்.

அவர் ஆற்றைக் கை காட்டினார். அவள் மண் அப்பிய கையோடு ஆற்றைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சாரங்கபாணிகூடச் சிரித்தார். எனக்கும் கால் தரையில் பாவவில்லை, நாற்பது வயது வாத்தியார் என்பதையே மறந்து நானும் இரண்டு பாறை தாவினேன்.

அதற்கு மேல் வழி குறுகிவிட்டது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தில் தண்ணீர், நடுவே ஒன்றரை முழ அகலத்தில் நடைபாதை. காளியம்மாள் முன்னால் போனாள், பின்னால் மிராசுதார், அவருக்குப் பின்னால் நான், அப்புறம் மற்றவர்கள். திடீரென்று அவள் நின்றாள். பாறை வெடிப்பில் முளைத்திருந்த கோரையை ஒரு பிடி பிடுங்கி நாற்றுமுடி மாதிரி கட்டி, சாரங்கபாணியின் காலடியில் வைத்துக் குலவையிட்டாள். பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்து நடவு வழக்கம் இது. நடவு நடக்கும்போது நிலத்துக்காரர் வரப்பில் வந்தால் பெண்கள் அவர் காலடியில் நாற்றுமுடியை வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் அவர் நகர முடியும். நாற்று லட்சுமி, அதைத் தாண்டிப் போன மிராசுதார் எவரும் இல்லை.

சாரங்கபாணி சிரித்துக்கொண்டே மடியிலிருந்து எட்டணாவை எடுத்து நீட்டினார்.

“காசு வேணாங்கய்யா” என்றாள் காளியம்மாள். அவள் முகத்தில் இன்னும் விளையாட்டுதான். “திங்கக்கிழமை தாசில்தாரு வர்றப்ப, இவதான் என் நெலத்தைச் சாகுபடி பண்றான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் மனு குடுக்கவே வேணாம் பாருங்க.”

மூன்று மாதமாக அவள் எதிர்பார்த்தது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளுக்கு நிலமும் மிஞ்சும், விசுவாசமும் மிஞ்சும்.

சாரங்கபாணியின் சிரிப்பு நின்றது. “எந்த இடத்துல என்னடி பேச்சு இது” என்றார். காலைத் தூக்கி நாற்றுமுடியைத் தாண்டினார். வேட்டி நுனி பட்டு அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அவளை இடித்துக்கொண்டு முன்னால் போனவர், நாலடியில் பாதை இன்னும் ஒடுங்குவதைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

குலவை பாதியில் அறுந்தது. ராஜம்மாள் என்ற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோரை முடி சுழன்று சுழன்று தண்ணீரோடு போவதைக் காளியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“என்னடி சிரிப்பு?” என்றார் மிராசுதார், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல்.

“ஒண்ணுமில்லீங்கய்யா. மூணு மாசமா நெஞ்சுல பாறாங்கல்லு மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. நீங்க தாண்டுனீங்க பாருங்க, அதுவும் போயிருச்சு.” பிறகு என்னைப் பார்த்து, “வாத்தியாரே, பஸ்ஸுக்குப் போனதும் அந்த மனுவை எடுங்க, கைநாட்டு வைக்கிறேன்” என்றாள்.

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“கொஞ்சம் ஒதுங்கிக்கிங்கய்யா, நான் முன்னால போறேன்.”

சாரங்கபாணி பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்.