கடலை மடித்த காகிதம்

நீடாமங்கலத்தில் ஆசிரியராக வேலை பார்த்தபோது, சாயங்கால ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியில் வறுத்த கடலை வாங்குவேன். ஒருநாள் தின்று முடித்துப் பொட்டலக் காகிதத்தைக் கசக்கப் போனேன். அதில் ஒரு பெண்ணின் முகம். ஆதார் அட்டையின் நகல். பன்னிரண்டு எண்களும் தெளிவாக இருந்தன. ஓரத்தில் பேனாவால் எழுதிய செல்போன் எண். கீழே கையெழுத்தும் தேதியும்.

கடலைக்காரரிடம் காட்டினேன். "பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல வாங்குறதுங்க. யாரு படிச்சுப் பாக்குறா?" என்றார்.

ரயிலில் ஏறியதும் அந்த எண்ணுக்குப் பேசினேன்.

"அம்மா, உங்க ஆதார் நகல் ஒண்ணு என் கையில கிடைச்சிருக்கு..."

"ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன். போனை வைங்க."

மறுபடி அழைத்தபோது என் எண்ணைத் தடுத்திருந்தார். குற்றம் சொல்ல முடியவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இது கடலை வண்டிக்கு வந்தது என்றால் இன்னும் எத்தனை நகல் எங்கே கிடக்கிறதோ என்ற நினைப்பு விடவில்லை. முகவரி பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். மறுநாள் பள்ளி விட்டதும் போனேன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

"என் போட்டோ உங்க கையில எப்படி வந்துச்சு? நேத்து போன் பண்ணுனதும் நீங்கதானா?"

நடந்ததைச் சொன்னேன். கடலை என்றதும் அவர் முகம் இன்னும் இறுகியது.

"வாத்தியார்னு சொல்றீங்க. நான் எப்படி நம்புறது? உங்க ஆதாரைக் காட்டுங்க."

பர்ஸுக்குப் போன கை அங்கேயே நின்றது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் காட்டுவது? கடைசியில் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். அவர் அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு பூட்டைத் திறக்காமலே கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

தேதியைப் படித்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "இது சிம் வாங்குறப்ப கடையில கொடுத்தது. கைரேகை சரியா விழலன்னு ரெண்டு தடவை வைக்கச் சொன்னாங்க."

அந்த இரண்டாவது ரேகையை வைத்து இவர் பேரில் இன்னொரு சிம் எடுத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அரசாங்க இணையதளத்திலேயே பார்க்கலாம் என்றேன். தன் செல்போன் திரை எனக்குத் தெரியாதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்லத் தட்டினார்.

"இதுலயும் ஓடிபி கேக்குதே!"

"அதை என்கிட்ட சொல்லாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று எண்கள் வந்தன. ஒன்று அவருடையது. ஒன்று கல்லூரியில் படிக்கும் மகளுடையது. மூன்றாவது யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"இதை வச்சு எவன் என்ன பண்ணிக்கிட்டு இருக்கானோ!" கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த எண் தன்னுடையதல்ல என்று அங்கேயே நின்று பதிவு செய்தார்.

பத்து நாள் கழித்து, என் எண்ணை விடுவித்து அவரே அழைத்தார். அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம். சிம் விற்ற கடைக்காரர் தனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்தாராம். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நன்றி சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பேப்பரை என்கிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்க போட்டோ எதுவும் எடுத்து வச்சுக்கலையே?"

"இல்லம்மா" என்றேன்.

"சரிங்க" என்றார். முழுதாக நம்பியவர் குரலாக அது இல்லை.