படகுகளை மட்டும் எண்ணினார்கள்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்றால் அது கடற்பக்கம், படகு வைத்திருப்பவர்களின் ஊர். ஏரிப்பக்கம் ஒதுங்கி நிற்கும் ஒற்றைத் தெருதான் எங்களுடையது. அவர்களுக்குப் படகு, வலை, கோயில், மைக் செட் எல்லாம் உண்டு. எங்களுக்கு இரண்டு கைகள் உண்டு. கிண்டலாகச் சொல்லவில்லை, எங்கள் தொழிலே கைதான்.

ஏரித் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட 'பறி' என்று ஓர் ஓலைப் பை. கைகள் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அதனால் வேலை நேரத்தில் நாங்கள் பேச மாட்டோம். பத்து பெண்கள் சேர்ந்து போனாலும் ஏரி அமைதியாகவே இருக்கும்.

நல்ல இடங்களிலெல்லாம் வலைக்காரர்கள் முறை வைத்துக் கழி நட்டு வலை கட்டியிருப்பார்கள். நாங்கள் ஓரமாகத் தடவிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறிவிடும், ஏரி காலியாகிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எச்சரிக்கை கடலுக்குத்தானே, முழங்கால் அளவு ஏரிக்கு என்ன வந்தது என்பது எங்கள் நினைப்பு. அந்த நினைப்பில் நான்தான் முதல் ஆள்.

அன்று காலை மைக்கில் "கடலுக்கு யாரும் போவாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் கணவர் மீஞ்சூரில் லோடு வேலைக்குப் போயிருந்தார். என் அண்ணன் பொன்னேரியில் இருந்தார். நான் பறியை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணிக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். எங்கள் தெருவிலேயே கை வேகம் அவளுக்குத்தான்.

"வா அண்ணி, இன்னிக்கு ஏரில ஒரு வலையும் இருக்காது. நம்ம ராஜ்ஜியந்தான்."

அவள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். "வேணாம் புள்ள. ராத்திரி பூரா காத்து. மேக்கால வானம் கறுத்துகினு கீது. எனக்கு மனசே செரியில்ல."

"முட்டி அளவு தண்ணில முங்கிச் செத்தவங்க யாராச்சும் கீறாங்களா? பயமா இருந்தா நீ வூட்லயே குந்தினு இரு. நான் போறேன்."

என்னைத் தனியாக விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு மணி நேரம் தண்ணீரில் நடந்து, வழக்கமாக எங்களுக்குக் கிடைக்காத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வலையை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள், கழிகள் மட்டும் வரிசையாக நின்றன. தூரத்தில் ஒரே ஓர் இடத்தில் யாரோ வலையை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். உட்கார்ந்து கையை விட்டால் இறால், பக்கத்தில் தடவினால் அங்கேயும் இறால். சின்ன வயதிலிருந்து இந்த வேலை செய்கிறேன், அப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. மதியத்துக்குள் பறி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. இவ்வளவு இறால் ஏன் இடம் பெயர்ந்து ஓடுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பிழைத்திருப்போம். ஆசை வந்துவிட்டால் யோசனை எங்கே வரும்?

முதலில் வந்தது குளிர். கார்த்திகையில் ஏரி குளிரத்தான் செய்யும், ஆனால் இது வேறு மாதிரிக் குளிர், எலும்புக்குள் போனது. பிறகு உதட்டில் தெறித்த தண்ணீரில் உப்பு இல்லை. குனிந்து பார்த்தேன், தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. அண்ணி அதே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"மலைத் தண்ணி வந்துட்ச்சி. கெளம்பு, கெளம்பு."

புயல் கடலில்தான் இருந்தது. ஆனால் அதன் மழை இரண்டு நாளாக மேற்கே ஆந்திர மலைகளில் கொட்டியிருக்கிறது. அத்தனையும் ஆற்று வழியாக எங்கள் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. வடக்கே இருந்து அடித்த காற்று ஏரித் தண்ணீரையும் எங்கள் பக்கம் தள்ளியது. நாங்களோ காலையிலிருந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது முதுகுப் பக்கமிருந்து.

முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறி, நெஞ்சுக்கும் வந்தது. கால் தரையில் நிற்கவில்லை, முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. மழையில் கரை மறைந்துவிட்டது. அடித்துப் பிடித்துத் தூரத்தில் இருந்த அந்த வலைக் கழிகள் வரை போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கொரு கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

ஊர் எங்களுக்கு வடக்கே இருந்தது, காற்றும் அங்கிருந்துதான் எங்களை நோக்கி அடித்தது. அதனால்தான் மைக் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஊரில் எந்த நல்லது கெட்டது என்றாலும் மைக்கில் சொல்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் குரல்தான்.

"நம்ம ஊரு போட்டு அல்லாம் கரைக்கு வந்தாச்சு. ஒரு ஆளு பாக்கி இல்ல. அல்லாரும் தெகிரியமா இருங்க. பள்ளிக்கூடத்துல சோறு ரெடியா கீது, வந்து சாப்டுங்க."

அண்ணி என்னைப் பார்த்தாள். "ஒரு ஆளு பாக்கி இல்லியாம். அப்ப நாம இன்னா புள்ள?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் புரிந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகு யார் தேடி வருவார்கள்?

என் பறியைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்காற்றில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அண்ணி கத்தவில்லை. கயிற்றை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். "வுட்று அண்ணி, நீயும் கத்து" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விடாதது ஆசையால் அல்ல. இருபது வருடப் பழக்கம், பயத்தில் பல் தானாகக் கடித்துக்கொண்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அவளுடைய கை விறைத்துப்போனது. சேற்றுக்குள் நழுவி ஓடும் இறாலைக்கூட விடாத கை, இவ்வளவு தடிமனான கழியைப் பிடிக்க முடியாமல் நழுவியது. நான் அவள் கழிக்குத் தாவிப் போய், என் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் மணிக்கட்டைக் கழியோடு சேர்த்துக் கட்டினேன். என் விரலும் மரத்திருந்தது. முடிச்சு போட்டேன். நாங்கள் வலை கட்டாதவர்கள், எங்களுக்கு நல்ல முடிச்சு போடத் தெரியாது.

மழைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. அக்கரை ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். எங்களைத் தேடி வரவில்லை. வெள்ளத்தில் போய்விடுமே என்று தன் வலையை அவிழ்க்க வந்தவர்.

"ஏய், யாரது என் கழியாண்ட? வலைய அவுக்கிறீங்களா?" என்று படகு தள்ளும் கோலை ஓங்கிக்கொண்டே வந்தார். திருடர்கள் என்று நினைத்துவிட்டார். கிட்டே வந்ததும் கோலை இறக்கினார். "அய்யய்யோ, பொம்பளைங்களா!"

அவருக்குப் பக்கமாக இருந்தவள் நான். வேலைக்காகச் சேலைமேல் போட்டிருந்த சட்டையின் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். அந்த நேரம் ஓர் அலை படகைத் திருப்பியது. நான் எழுந்து பார்க்கும்போது கழியில் என் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் படகை அந்த இடத்திலேயே மூன்று சுற்று சுற்றினார். படகில் பாதி தண்ணீர். நான் கையால் இறைத்துக்கொண்டே அண்ணியைக் கூப்பிட்டேன். அவளுடைய பறி மிதந்து வந்தது, அவள் வரவில்லை. மூன்றாவது சுற்றில் அவர் அழுதுவிட்டார். "தாயி, இன்னொரு சுத்து சுத்துனா நாம ரெண்டு பேரும் இல்ல. என்னை மன்னிச்சிடு தாயி" என்றார். வலையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது போயே போய்விட்டது. தன் சட்டையைக் கழற்றி என் மேல் போட்டு என்னை எங்கள் கரையில் கொண்டுவந்து விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நனைந்து நடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனேன். எங்கள் தெருக்காரர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே விட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் முதல் டிராக்டரில் வந்திருப்போம் என்று பின்னால் வந்தவர்களும், அடுத்ததில் வருவோம் என்று முன்னால் வந்தவர்களும் நினைத்திருக்கிறார்கள். மைக்கில் வேறு எல்லோரும் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டார்களே. மைக்கில் பேசியவரே சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றார். என் கோலத்தைப் பார்த்து, "நீ எங்கருந்தும்மா வர்ற?" என்றார்.

"ஏரிலருந்து. அண்ணி இன்னும் அங்கதான் கீது."

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பொய் சொல்லக் கூடாது, அந்தப் புயலிலும் நான்கு படகுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுநாள் காலையில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணலில் அண்ணி கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலச் செய்தியில், எங்கள் கரையில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார்களாம். விசாரிக்க வந்தவர்கள், 'எச்சரிக்கையை மீறிச் சென்றதால்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவள் எதையும் மீறவில்லை, நான் கூப்பிட்டேன், வந்தாள் என்று சொன்னேன். அதை யாரும் எழுதவில்லை.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்த பிறகு மைக்கில் பேசியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவே இல்லை. வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "கரைக்கு வந்த போட்டுங்கள எண்ணித்தாம்மா பழக்கம். அத்தினி போட்டும் வந்துட்சின்னா அத்தினி பேரும் வந்தாச்சுன்னு அர்த்தம். எங்கப்பா காலத்துலருந்து அப்டித்தான். உங்களுக்குத்தான் போட்டே இல்லியே, உங்கள இன்னான்னு எண்றது?"

அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. வேண்டுமென்றே விட்டிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் நாங்கள் இருப்பதே அவர் நினைவில் வரவில்லை என்றால் அவரை என்ன கேட்பது? எங்களையும் எண்ணுங்கள் என்று நாங்களும் ஒரு நாளும் போய்ச் சொன்னதில்லை.

இப்போது நான் ஏரிக்குப் போவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. ஆனால் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் லீவு போட்டுவிடுவேன். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், யார் யார் ஏரிக்குப் போனது, யார் வந்தது என்று பார்ப்பேன். பிறகு மைக் இருக்கும் இடத்துக்குப் போய் அவர் பக்கத்தில் நிற்பேன். முதல் வருடம் அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ போம்மா, நான் சொல்றேன்" என்றார். நான் போகவில்லை.

போன கார்த்திகையில் மறுபடி கூண்டு ஏற்றினார்கள். நான் போய் நிற்பதற்குள் அவரே ஆள் அனுப்பி எங்கள் தெருவில் விசாரித்துவிட்டார். "போட்டு அல்லாம் வந்தாச்சு, ஏரில கையால எறா புடிக்கிறவங்களும் அத்தினி பேரும் வந்தாச்சு" என்று மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். நான் அங்கிருந்து கிளம்பி நடந்தேன். அவர் மைக்கில் சொன்னது, வாயைத் திறந்தால் போதும், சொல்லிவிடக்கூடிய ஒரு வரி. அதைச் சொல்ல வைக்க எங்கள் வீட்டில் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்ற ஆத்திரம் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை. அந்த உயிரை வாசல் வரை போய்க் கூப்பிட்டுக்கொண்டு போனவள் நான் என்ற ஆத்திரமும்தான்.